ஜோகூரில் பார்க்க என்ன இருக்கு?

ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு ஊர் சுற்றத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் யாராவது ஓய்வெடுத்து நான் பார்த்திருக்கிறேன் என்றால், அது எங்கள் வேன் ஓட்டுநர் ஒருவரைத்தான்.

உங்களுக்கும் அனுபவம் இருக்கும். நான்கு நாள் எங்காவது போய்விட்டு வந்து, சூட்கேஸைத் திறந்து அழுக்குத் துணியைக் கொட்டிக்கொண்டே, “இனிமே வீட்டை விட்டு எங்கேயும் நகர மாட்டேன்” என்று சொல்லியிருப்பீர்கள். அந்தத் துன்பத்துக்கு நேரமும் இடமும் குறித்துத் தருகிறவன் என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு மலாய்ப் பள்ளி. அதனால் ஒரே இடத்தை இரண்டு மொழியில் புகழ வரும். நடுவில் இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஓடிவிட்டது. அப்பா விட்டுப்போன தாமான் குடியிருப்பு வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றுதான் ஜோகூர் பாரு வந்தேன். வாங்க வருவதாகச் சொன்னவர் மழையில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை வாசல் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாலையோர அங்சானா மரத்திலிருந்து மஞ்சள் பூக்கள் மழையோடு மழையாக இறங்கிக்கொண்டிருந்தன. வாசல் முழுக்க மஞ்சள். அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு விற்கிற எண்ணம் போயிருந்தது. இங்கேயே தங்கி இந்தத் தொழிலை ஆரம்பித்தேன்.

மனைவி வாசுகி லண்டனிலேயே இருந்தாள். நூலகத்தில் வேலை. பிறந்தது தைப்பிங். வடக்கே பிறந்தவர்களுக்கு ஜோகூர் என்பது சிங்கப்பூர் போகிற பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கும் இடம், அவ்வளவுதான். போனில் பேசும்போதெல்லாம், “ஜோகூர்ல பாக்க என்னங்க இருக்கு? சிங்கப்பூர் போற பாலம்தான் இருக்கு” என்பாள். கடைசியில் ஒருநாள் ஒரு முடிவுக்கு வந்தாள். “ஒரு வாரம் வர்றேன். சுத்திக் காட்டுங்க. புடிச்சா அங்க வந்து இருக்கேன். புடிக்கலைன்னா வீட்டை வித்துட்டு நீங்க வந்துடணும்.” நான் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு வாடிக்கையாளரும் அந்த ஒரு வாரத்துக்கான ஒத்திகைதான். பாவம், அவர்களுக்கு அது தெரியாது.

அரை மணிக்கு ஓர் இடம்

முதல் வாடிக்கையாளர்கள் ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். தொழிலுக்குப் புதுசு என்பதால் அவர்கள் கொடுத்த காசுக்கு மேலேயே காட்டிவிட வேண்டும் என்கிற வெறியில் இருந்தேன். கண்ணாடிக் கோயில், பழைய கடைத்தெரு, சுடச்சுட வாழைப்பழ கேக், மலைமேல் பள்ளிவாசல், கடற்கரை என்று அரை மணிக்கு ஓர் இடம். வேன் பாங் டின்னுடையது. பாங் என்றால் மலாயில் அண்ணன். செடெனாக் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவர், மலாய்க்காரர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். வானிலை மட்டும் சொல்ல வராது, ஆனால் சொல்லாமல் இருக்க மாட்டார். “இன்னைக்கு மழை வராது தம்பி” என்று அவர் வாய் மூடுவதற்குள் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

ஆசிரியரின் மனைவி எல்லா இடத்திலும் “நல்லா இருக்கு” என்றார்கள். கோயிலும் நல்லா இருக்கு, கேக்கும் நல்லா இருக்கு, நடுவில் பெட்ரோல் போட நின்ற இடமும் நல்லா இருக்கு. எல்லாம் ஒரே குரல். ஆசிரியர் ஐயாவோ ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, பார்த்து, ஏறி, தூங்கி, அடுத்த இடத்தில் திடுக்கிட்டு விழித்தார். சாயங்காலம் ஸ்தூலாங் கடற்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மழை விட்டிருந்தது. எதிரே சிங்கப்பூர் ஈரத் துணிக்குப் பின்னால் இருப்பது மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நீரிணையில் ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து, “ஐயா, அடுத்தது...” என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“தம்பி, நாளைக்கு ஒண்ணும் காட்டாதீங்க. இன்னைக்கு நீங்க காட்டுனதையே நான் இன்னும் பாத்து முடிக்கல.”

தண்ணீர் கேட்காத வீடு

ஐயா சொன்னது உறைத்தது. அதன்பிறகு நான் போடும் ஒவ்வொரு நாள் திட்டத்திலும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: சும்மா. இதைவிட விற்கக் கடினமான சரக்கு கிடையாது. கிள்ளானிலிருந்து பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் வந்தார்கள். வருடமெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிப் போட்டவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த மல்லிகா அக்கா திட்டத்தைப் பார்த்ததுமே சண்டைக்கு வந்தார். “சும்மா இருக்கறதுக்கா சார் இவ்ளோ தூரம் பஸ்ல வந்தோம்? அதை வீட்லயே செஞ்சிருப்போமே!”

அவர்களைக் குக்குப் கூட்டிப்போனேன். தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவக் கிராமம் அது. பலகை வீடு, பலகைத் தெரு. மதியம் அலை ஏறும் நேரத்தில் தரைப்பலகையின் இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் மினுங்குவது தெரியும். வீடே மெல்ல எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலிருக்கும். மூன்று பேரும் திண்டில் சாய்ந்தார்கள். முதலில் பேசினார்கள். பிறகு பேச்சு இடைவெளி விட்டது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. பாங் டின் வாசல் பலகையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு எழுப்பப் போனேன். மல்லிகா அக்கா கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது குறையா என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல சார். படுத்து இவ்ளோ நேரமாச்சு, ஒருத்தர்கூட எங்கிட்ட குடிக்கத் தண்ணி கேக்கல... அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஊதாக் கைப்பை

நம்மவர்களோடு சுற்றுலாத் தொழில் நடத்துவதில் இருக்கும் பெரிய ஆபத்து மழையும் இல்லை, சாலை நெரிசலும் இல்லை. சொந்தக்காரர்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு மாமா இருப்பார். அவர் வீட்டுக்குப் போகாமல் ஊர் திரும்பினால், அடுத்த கல்யாணத்தில் பந்தி நடுவே கேள்வி வரும். சிரம்பானிலிருந்து ஒரு தம்பதி. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், முதல் முறையாக இரண்டு பேர் மட்டும் வருகிறார்கள். குலாயில், மாசாயில், குளுவாங்கில் என்று திசைக்கு ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கிறது அவர்களுக்கு. ஒரே நிபந்தனை: நாங்கள் வந்தது ஒருவருக்கும் தெரியக்கூடாது. நான் சத்தியம் செய்யாத குறைதான்.

இரண்டாம் நாள் குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பிக்கடையில், தண்டவாளத்தைப் பார்த்தபடி இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த அழகில் எனக்கு மனம் இளகிவிட்டது. முகம் தெரியக்கூடாது என்று கவனமாகப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். முகம் தெரியவில்லைதான். ஆனால் நாற்காலியில் தொங்கிய ஊதாக் கைப்பை தெரிந்தது. அது குலாய் அத்தை போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. அத்தை என்னிடம் முன்பு பயணம் பண்ணியவர். என் எண் அவரிடம் இருந்தது. இதை நான் எப்படி யோசித்திருக்க முடியும், சொல்லுங்கள்?

சாயங்காலம் ஹோட்டல் வரவேற்பறை நிறையச் சொந்தம். ஒரு கையில் சாப்பாட்டு அடுக்குச் சட்டி, மறு கையில் கோபம். “எங்க ஊருக்கு வந்துட்டு ஹோட்டல்ல படுக்கறீங்களா? நாங்க செத்தாப் போய்ட்டோம்?” மிச்ச நாள் முழுவதும் குலாயில் இட்லி, மாசாயில் பிரியாணி, குளுவாங்கில் ஆட்டுக்கறி என்று என் திட்டத்தை அவர்களே எழுதினார்கள். ஊர் திரும்பும்போது கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பரவால்ல சார், விடுங்க. ஊருக்குப் போயி ரெண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடுத்துக்கிறோம்.”

அன்றைக்கு ஒரு விதி எழுதிக்கொண்டேன். ஓய்வெடுக்க வருகிறவரை, கேட்டாலொழியச் சொந்தக்காரர் இருக்கும் திசைக்கே கூட்டிப்போகக் கூடாது. இந்த விதிதான் பின்னால் என் காலை வாரியது.

பாலத்தின் நடுவில்

எங்கள் மாநிலத்தில் விடுமுறை எந்தக் கிழமை என்பதே ஒரு சரித்திரம். நான் பள்ளிக்குப் போன காலத்தில் வெள்ளிக்கிழமை. லண்டன் போகும்போது ஞாயிறு. திரும்பி வந்தால் மறுபடி வெள்ளி. ஒருவழியாக உடம்பு அதற்குப் பழகியபோது, இல்லை, ஞாயிறே இருக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். மாற்றிய புதிதில் சிங்கப்பூரிலிருந்து செல்வம் என்று ஒரு கணக்காளர், தனிக்கட்டை, அமைதியான இடம் வேண்டும் என்று கேட்டார். பழைய நினைப்பில், ஞாயிற்றுக்கிழமை ஊரே வேலைக்குப் போயிருக்கும், வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஊரே வெளியில் இருந்தது. பூங்காவில் புல் தெரியவில்லை. கடற்கரையில் கடல் தெரியவில்லை. போதாததற்கு அவர் இந்தப் பக்கம் வரவே பாலத்தில் பஸ் பாதிநாள் நின்றிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். செல்வமோ கனவிலிருந்து எழுந்தவர் மாதிரி மலர்ந்து இருந்தார். பாலத்து நடுவில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மட்டும் இருந்ததாம். இரண்டு கரையும் தூரத்தில் வெயிலில் ஆடியதாம். ஒரு கொக்கு பாலத்தோரத் தண்ணீர்க் குழாய்மேல் ஒற்றைக்காலில் நின்றதாம்.

“அங்க இருந்தா ஆபீஸ் கூப்புடும், இங்க வந்தா நீங்க கூப்புடுவீங்க. நடுவுல போன் எந்த நாட்டையும் புடிக்கல சார். எனக்கு அது போதும்.”

வாசுகிக்கு ஒரு வாரம்

இப்படி ஒத்திகை பார்த்துத்தான் வாசுகியின் வாரத்தைத் தீட்டினேன். அரை மணிக்கு ஓர் இடம் கிடையாது. மூன்று மணிக்குச் சும்மா உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கும் போவதில்லை. குளுவாங்கில் என் சித்தி இருக்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளுவாங்கையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். பாங் டின் எட்டிப் பார்த்து, “உங்க சித்திக்குத் தெரிஞ்சா சாவடி அடிப்பாங்க தம்பி” என்றார். தெரிந்தால்தானே, என்றேன்.

செனாய் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். முந்தைய நாள் மழைக்கு அங்சானா கொட்டியிருந்தது. வாசல் முழுக்க மஞ்சள் கம்பளம். அவளுக்காகவே கூட்டாமல் வைத்திருந்தேன். வாசுகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் தூணைப் பிடித்து, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றாள்.

தொழிலில் இத்தனை நாளில் நான் கற்றது ஒன்று உண்டு. குறை சொல்கிற ஆள் திரும்பி வருவார். ஈப்போ ஐயா திரும்பி வந்தார். மல்லிகா அக்கா தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் “நல்லா இருக்கு” சொல்கிறவரைத்தான் மறுபடி பார்க்க முடியாது. அவர்கள் மனதுக்குள் ஏற்கெனவே ஊர் திரும்பியிருப்பார்கள். முதல்நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் கண்ணாடிக் கோயில்: சுவரெல்லாம் அவள் முகம் துண்டு துண்டாக மின்னியது. நல்லா இருக்கு. மூன்றாம் நாள் தஞ்சோங் பியாய்: ஆசியக் கண்டத்து நிலம் முடிகிற முனை, சதுப்புக் காட்டுக்குள் பலகைப் பாதை, கீழே சேற்றில் நண்டுகள் ஒன்றையொன்று கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. மழை வராது என்று பாங் டின் சொல்லியிருந்தார், ஆகவே நனைந்தோம். நல்லா இருக்கு. வீட்டை வாங்க வந்த மனிதரின் எண் போனில் இன்னும் இருக்கிறதா என்று அன்று இரவு பார்த்து வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மூன்று மணி, ஸ்தூலாங் கடற்கரை. ஐயா உட்கார்ந்த அதே பெஞ்சு. தண்ணீர் பளபளவென்று தூங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தோம். எனக்கும் கண் சொருகியது. இந்த ஒளியை, இந்த வெதுவெதுப்பை இன்னும் எத்தனை நாளைக்கு அனுபவிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குரல் கேட்டது. “குளுவாங் சித்தி வீட்டுக்கு எப்பப் போறோம்?” நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். “போகல. நீ வந்ததே யாருக்கும் தெரியாது. ஒருத்தரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.” வாசுகி முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான்கு நாளாகப் பார்க்காத ஒரு பார்வை.

“என்னங்க வேலை இது? நாலு நாளா நான் இந்த ஊர்ல இருக்கேன், சித்திக்குத் தெரியாதா? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? சொந்தக்காரங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு சுத்திட்டுப் போறதுக்கு நான் என்ன டூரிஸ்ட்டா?”

லாயாங் லாயாங்கில் ரயில் நின்றது

மறுநாள் காலை ரயிலில் போனோம். வேனில் போயிருக்கலாம், ஆனால் சித்தியிடம் திட்டு வாங்கப் போகிறவனுக்கு வேகம் எதற்கு? பாங் டின் மதியம் குளுவாங் வந்து எங்களை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. குலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. ஒரே உயரம், ஒரே பச்சை. கொஞ்ச நேரத்தில் ரயில் ஓடுகிறதா, மரங்கள்தான் எங்காவது ஊர்வலம் போகின்றனவா என்று சந்தேகம் வந்துவிடும். வாசுகி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். லாயாங் லாயாங்கில் ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. நடைமேடையில் ஒரு சேவல் மட்டும் வண்டியை மேற்பார்வை பார்த்தபடி நடந்தது. பனங்காட்டுக்கு மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்து வந்து, எங்கள் பெட்டியைத் தொட்டு, தாண்டிப் போயிற்று.

இவ்வளவு ஒன்றுமில்லாத ஒரு காட்சியை நான் எந்த வாடிக்கையாளருக்கும் காட்டியதில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி, “சில சமயம் இப்படித்தான் நின்னுடும்” என்றேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

“நிக்கட்டும். நீங்க பாட்டுக்கு இறங்கி ஏதாவது விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க.”

குளுவாங் சந்தை

சித்தி வாசலிலேயே நின்றிருந்தார். வரவேற்பு வாசுகிக்கு, வசவு எனக்கு. “வா வா கண்ணு, உள்ள வா. டேய், நீ அங்கயே நில்லு. நாலு நாளா? என் மருமக வந்து நாலு நாளா எனக்குத் தெரியாதா? அலமாக், நல்ல வேளை இன்னைக்காச்சும் கூட்டியாந்தியே!” நான் செருப்புகளோடு நின்றேன். உள்ளே மீன் குழம்பு வாசம், மின்விசிறிச் சத்தம், அதற்கு நடுவே வாசுகியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது கேட்டது. நான்கு நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

“வாசலைப் பாக்கணும் சித்தி நீங்க. பூ விழுந்து அழுகி, கால் வச்சா வழுக்குது. வந்தன்னைக்கே விழுந்திருப்பேன். இந்த மனுஷன் அதைப் பாத்து ரசிச்சுக்கிட்டு நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு!” ஜன்னலுக்குத் திரை இல்லையாம். அடுப்பு மேடையில் எறும்பாம். குளியலறைக் கதவு கத்துகிறதாம். வாழ்க்கையில் என்னைப் பற்றி இவ்வளவு குறைகளை நான் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை. “வீடா வச்சிருக்கான் அவன்? வா கண்ணு, பாசாருக்குப் போவோம்” என்று சித்தி கிளம்பிவிட்டார்.

குளுவாங் சந்தையில் காப்பித்தூள் மணத்துக்குப் பக்கத்திலேயே கருவாட்டு நாற்றம், அதற்குப் பக்கத்தில் மல்லிகைச் சரம். வெயில் தகரக் கூரை ஓட்டைகள் வழியாகக் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. இரண்டு பெண்களும் எனக்கு முன்னால் அதன்மேல் நடந்து போனார்கள். நினைவுப் பொருள் விற்கும் கடையைத் தாண்டினார்கள். காப்பித்தூளைத் தாண்டினார்கள். சட்டி பானை விற்கும் சீனக் கிழவரின் கடையில் நின்றார்கள். நீளக் கம்பு போட்ட ஈர்க்கு விளக்குமாறுகள் சுவரில் சாய்ந்து நின்றன. வாசுகி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஓங்கிக் குத்திப் பார்த்தாள். ஈர்க்கு உதிர்ந்ததை ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என் பக்கத்தில் நிறுத்தி, “கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க” என்றாள். கம்பு என் தோளுக்கு வந்தது. “சரியா இருக்கு. குனியாமக் கூட்டலாம். இனிமே முதுகு வலிக்குதுன்னு சாக்குச் சொல்ல முடியாது.” சித்தி தலையாட்டினார். கடைக்காரர் பாவமாக என்னைப் பார்த்தார்.

அதை விமானத்தில் ஏற்ற முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். எனக்குள் ஏதோ மெல்ல, மேக நிழல் மாதிரி, விலகிப் போயிற்று. சந்தை வாசலில் வேன் நின்றது. நாங்கள் வருவதைப் பாங் டின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இறங்கினார். விளக்குமாற்றை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, வேனுக்குள் குறுக்காக வைத்துக் கதவைச் சாத்தினார். வாசுகியும் சித்தியும் மாம்பழம் பார்க்கத் திரும்பிப் போன நேரம் பார்த்து என் காதருகே வந்தார்.

“தம்பி, இத்தனை வருஷமா டூரிஸ்ட் ஏத்துறேன். காப்பித்தூள் வாங்கும், டோடோல் மிட்டாய் வாங்கும், பாத்தேக் துணி வாங்கும். புருஷன் உசரத்துக்கு விளக்குமாறு வாங்குன டூரிஸ்ட்ட நான் பாத்ததே இல்ல லா.”

லண்டன் வேலையை ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து சேர வாசுகிக்குச் சில மாதம் பிடிக்கும் என்பதால், ஜோகூரில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்டவளுக்கு, தினமும் ‘சும்மா’ என்று ஒதுக்கி வைத்த அந்த மூன்று மணிக்கு, அங்கே அவளுக்குக் காலை விடிகிற வேளையில், வீடியோவில் நான் காட்டிக்கொண்டிருக்கும் ஒரே சுற்றுலாத் தலம், குனியாமல் நானே கூட்டி முடித்த எங்கள் வீட்டு வாசல்தான்.